நாய் ஓடும்போது ஷட்டர் எவ்வளவு நேரம் திறந்திருக்கலாம்?

டைகர் எங்கள் வீட்டு நாய். பெயர்தான் டைகர், உடம்பில் ஒரு கோடு கிடையாது. மூக்கிலிருந்து வால்வரை கறுப்பு. கேமரா வாங்கிய புதிதில், பந்தைக் கவ்விக்கொண்டு அது ஓடி வருவதை ஒரே மூச்சில் நாற்பது படம் எடுத்தேன். கணினியில் போட்டுப் பார்த்தால் புல்லை ஒவ்வொன்றாக எண்ணிவிடலாம், அவ்வளவு தெளிவு. டைகர் இருக்க வேண்டிய இடத்தில் மட்டும் யாரோ கரித்துணியை இழுத்துக்கொண்டு போன மாதிரி ஒரு தீற்றல். நாற்பதிலும் இதே கதை. படத்தின் விவரங்களைத் திறந்து பார்த்தேன். ஷட்டர் ஸ்பீடு 1/125. ஆட்டோவில் விட்டிருந்ததால் கேமரா தானாக வைத்துக்கொண்ட எண் அது. சும்மா நிற்கும் ஆளைப் படம் எடுக்க அது தாராளம். ஓடும் நாய்க்கு அது ஒரு யுகம்.

எப்படி யுகமாகிறது என்பது புரிந்துவிட்டால், எந்த நாய்க்கு எந்த எண் என்று பட்டியலை மனப்பாடம் செய்யும் வேலை பெரும்பாலும் மிச்சம்.

திரை திறந்திருக்கும் நேரம்

கேமராவுக்குள், படத்தைப் பதியும் சென்சாருக்கு முன்னால் ஒரு திரை இருக்கிறது. பட்டனை அழுத்தினால் திறந்து மூடும். திறந்திருக்கும் நேரம்தான் ஷட்டர் ஸ்பீடு. 'ஸ்பீடு' என்று பெயர் வைத்துவிட்டார்கள், உண்மையில் அது கால அளவு. கேமராவில் 1000 என்று மட்டும் காட்டினால் நொடியில் ஆயிரத்தில் ஒரு பங்கு என்று அர்த்தம். எண்ணுக்குப் பக்கத்தில் மேற்கோள்குறி மாதிரி இரண்டு சிறு கோடு இருந்தால் அது முழு நொடி. முதல் நாள் இதில் குழம்பாதவர்கள் குறைவு.

திரை திறந்திருக்கும் நேரம் முழுவதும் நடப்பதெல்லாம் ஒரே படத்தில் ஒன்றன்மேல் ஒன்றாகப் பதியும். நாய் அசையாமல் இருந்தால் பதிவதெல்லாம் ஒரே இடத்தில் விழும், படம் கூர்மையாக வரும். அசைந்தால் அசைந்த தூரம் முழுக்க இழுபடும். இவ்வளவுதான் விஷயம். மீதி எல்லாம் அந்தத் தூரத்தைக் கணக்குப் பார்ப்பது.

கண் இமைக்கும் நேரம் என்று சொல்கிறோமே, அதிலிருந்து தொடங்கலாம். அதைவிடச் சின்னப் பொழுது இல்லை என்கிற மாதிரிதான் பேச்சில் அந்தச் சொல் வருகிறது. ஆனால் ஒருமுறை இமைக்க நொடியில் பத்தில் ஒரு பங்காவது ஆகும். மணிக்கு 36 கிலோமீட்டர் வேகத்தில் ஓடும் நாய், அதாவது நொடிக்கு 10 மீட்டர், அதற்குள் ஒரு மீட்டர் தாண்டிவிடும். நல்ல ஆரோக்கியமான நடுத்தர அளவு நாய் பந்தைத் துரத்தும்போது கிட்டத்தட்ட இந்த வேகத்தைத் தொடும். கிரேஹவுண்டு என்றால் மணிக்கு 70 கிலோமீட்டர் வரை போகும், அது வேறு உலகம்.

இந்த நொடிக்கு 10 மீட்டரை வைத்தே கணக்குப் போடுவோம், மனக்கணக்குக்கு வசதி. 1/125-ல் நாய் 8 சென்டிமீட்டர் நகர்கிறது. 1/500-ல் 2 சென்டிமீட்டர். 1/1000-ல் ஒரு சென்டிமீட்டர். 1/2000-ல் 5 மில்லிமீட்டர். 1/4000-ல் இரண்டரை மில்லிமீட்டர். நாயின் கண்ணை நினைத்துக்கொள்ளுங்கள், அது சுமார் 2 சென்டிமீட்டர் அகலம். 1/500-ல் கண் தன் முழு அகலத்துக்கு இழுபட்டுவிடுகிறது. கண்ணுக்குள் தெரிய வேண்டிய அந்தச் சின்ன ஒளிப்புள்ளி எங்கே போயிருக்கும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. 1/125-ல் கண் மட்டுமல்ல, முகத்தில் பாதி போய்விட்டது. என் கரித்துணிக்கு விளக்கம் கிடைத்துவிட்டதல்லவா.

கிலோமீட்டர் கணக்கு மட்டும் போதாது

இங்கே ஒரு திருப்பம் இருக்கிறது. சென்சாருக்கு நாய் தரையில் எத்தனை மீட்டர் ஓடியது என்பது தெரியாது. படத்தின் சட்டத்துக்குள் எவ்வளவு நகர்ந்தது என்பது மட்டும்தான் அதற்குத் தெரியும்.

24 மெகாபிக்சல் கேமரா என்றால் படத்தின் அகலத்தில் சுமார் 6000 பிக்சல். நாய் ஓடும் இடத்தில் உங்கள் ஃபிரேம் 3 மீட்டர் அகலத்தைக் காட்டுகிறது என்று வைத்துக்கொள்வோம். அப்படியானால் ஒரு பிக்சலுக்கு அரை மில்லிமீட்டர். 1/1000-ல் ஒரு சென்டிமீட்டர் நகர்ந்த நாய் 20 பிக்சல் இழுபடுகிறது. அதே நாய், அதே வேகம், ஆனால் நீங்கள் தள்ளி நின்று 12 மீட்டர் அகலத்தைக் காட்டினால் வெறும் 5 பிக்சல்தான். தூரத்தில் சின்னதாக ஓடும் நாய் கூர்மையாக வந்து, கிட்டத்தில் பெரிதாக வந்த நாய் கலங்கிப் போவது இதனால்தான்.

இதே கணக்கு சின்ன நாயிடம் நம்மை ஏமாற்றும். நாற்பது சென்டிமீட்டர் நீள நாய்க்குட்டி ஒன்று பெரிய நாயின் பாதி வேகத்தில், நொடிக்கு 5 மீட்டரில், தத்தக்கா பித்தக்கா என்று ஓடுகிறது. மெதுவாகத்தானே ஓடுகிறது என்று நமக்குத் தோன்றும். ஆனால் அதைப் படத்தில் நிறைவாகக் காட்ட வேண்டுமென்றால் ஃபிரேம் ஒரு மீட்டர் அகலத்துக்குச் சுருங்கும். இப்போது 1/1000-ல் அது நகரும் 5 மில்லிமீட்டர் 30 பிக்சல் ஆகிறது. பெரிய நாய்க்கு 20 தான். பாதி வேகத்தில் ஓடும் குட்டி ஒன்றரை மடங்கு கலங்குகிறது! குட்டிதானே என்று 1/500 வைத்து எடுத்து, பிறகு லென்ஸைத் திட்டியவர்கள் இருக்கிறார்கள். நானும் அதில் உண்டு.

திசையும் அப்படித்தான். நாய் உங்களுக்குக் குறுக்கே, இடமிருந்து வலமாக ஓடினால் அதன் வேகம் முழுக்க ஃபிரேமில் இறங்குகிறது. நேராக உங்களை நோக்கி ஓடி வந்தால் ஃபிரேமுக்குள் அது பெரிதாகிக்கொண்டு வருமே தவிர பக்கவாட்டில் பெரிதாக நகராது. குறுக்கே ஓடும்போது 1/2000 கேட்ட நாய்க்கு 1/1000 போதும். ஆனால் அப்போது ஃபோக்கஸ் தலைவலியைக் கொடுக்கும், அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

கேமராவை நாயோடு சேர்த்துத் திருப்புவது இன்னொரு பெரிய உதவி. நாயின் மூக்கு வியூஃபைண்டரில் ஒரே இடத்தில் நிற்கும்படி நீங்கள் உடம்பைத் திருப்பிக்கொண்டே வந்தால், சென்சாரைப் பொறுத்தவரை அந்த நாய் கிட்டத்தட்ட நின்றுகொண்டிருக்கிறது. மேலே போட்ட கணக்கெல்லாம் கேமராவை அசையாமல் பிடித்திருந்தால் வருவது. நன்றாகப் பின்தொடரத் தெரிந்தவர் 1/800-ல் எடுக்கும் முகம், அசையாமல் நிற்பவர் 1/2000-ல் எடுப்பதைவிடக் கூர்மையாக இருக்கலாம்.

கால் தனி, உடம்பு தனி

நாயை ஒரே பொருளாக நினைக்கிறோம். ஷட்டருக்கு அது நாலைந்து வேகங்களின் மூட்டை. உடம்பு நொடிக்கு 10 மீட்டர் போகிறது. தரையில் ஊன்றிய பாதம்? ஊன்றியிருக்கும் அந்த நேரத்துக்கு அது நகரவே இல்லை, பூஜ்யம். அப்படியானால் தூக்கிய பாதம் உடம்பைத் தாண்டி முன்னால் போய் விழ வேண்டும், ஆகவே அது உடம்பைவிட வேகமாகப் போயே ஆக வேண்டும். உடம்பு 10 என்றால் காற்றில் பாயும் பாதம் 20-ஐக்கூட நெருங்கலாம்.

அசையாமல் பிடித்த கேமராவில் 1/1000-ல் எடுத்த படத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். ஊன்றிய முன்னங்கால் நகம்வரை தெளிவாக இருக்கும், முகம் சற்றே மழுங்கியிருக்கும், காற்றில் இருக்கும் பாதம் பஞ்சு மாதிரி இருக்கும். ஒரே படத்தில் மூன்று வேகம். கேமராவைத் திருப்பிக்கொண்டே எடுத்தால் கதை தலைகீழ்: முகம் தெளிவாகிவிடும், ஊன்றிய பாதம் தரையோடு சேர்ந்து பின்னால் இழுபடும். முகமும் வேண்டும் பாதமும் வேண்டும் என்றால் வேறு வழியில்லை, 1/2000 அல்லது அதற்கு மேல் போக வேண்டும்.

எனக்குப் பாதம் சற்றுக் கலங்கியிருந்தால் பரவாயில்லை. சொல்லப்போனால் அதுதான் பிடிக்கும். கண்ணும் மூக்கும் கூர்மையாக இருந்து, பாதத்தில் மட்டும் கொஞ்சம் அசைவு இருந்தால் நாய் ஓடுகிறது என்று படம் சொல்லும். எல்லாம் உறைந்து போனால் சில படங்களில் நாயை அந்தரத்தில் தொங்கவிட்ட மாதிரி ஆகிவிடுகிறது.

காதையும் மறக்கக் கூடாது. தொங்கும் காது உள்ள நாய் ஓடும்போது அந்தக் காது மேலும் கீழும் அடித்துக்கொள்ளும். நேராக ஓடி வரும் நாயில் உடம்பு அவ்வளவாகக் கலங்காவிட்டாலும் காதும் உதடும் கலங்குவது இதனால்தான்.

எதில் தொடங்குவது

சரி, எண்கள். இவை தொடங்கும் இடம் மட்டுமே. ஒரு படம் எடுத்துப் பெரிதாக்கிப் பார்த்துவிட்டு மேலே கீழே நகர்த்திக்கொள்ள வேண்டியவை.

உட்கார்ந்திருக்கும் நாய்க்கே 1/250 வையுங்கள். மனிதரைப் போல அது 'ரெடி' சொன்னதும் அசையாமல் இருக்காது. ஒரு சத்தம் கேட்டால் தலையை வெட்டித் திருப்பும், மூச்சிரைத்தால் நாக்கும் தாடையும் ஆடிக்கொண்டே இருக்கும். நடக்கும் நாய்க்கு 1/500. ஓட்டமும் நடையுமாகத் துள்ளி வந்தால் 1/1000. நாலுகால் பாய்ச்சலில் ஓடினால் 1/1600-இல் தொடங்கி 1/2000. பந்தை எட்டிக் கவ்வும் கணம், இரண்டு நாய்கள் ஒன்றையொன்று துரத்திப் புரளும் விளையாட்டு, தண்ணீரைச் சிதறடித்துக்கொண்டு ஓடுவது இவற்றுக்கெல்லாம் 1/2500, 1/3200. நாய்கள் புரண்டு விளையாடுவதைப் பார்க்க அவ்வளவு வேகமாகத் தெரியாது. ஆனால் தலை ஒரு பக்கம், கால் ஒரு பக்கம், எல்லாம் வேறு வேறு திசையில் போகும். கேமராவைத் திருப்பிப் பின்தொடரவும் முடியாது. நேர்கோட்டில் ஓடும் நாயைவிட அது கடினம்.

மேல்நோக்கித் தாவும் நாயிடம் ஒரு சலுகை உண்டு. மேலே போய் கீழே வருவதற்கு முன் உச்சியில் ஒரு கணம் ஏற்றமும் இல்லை, இறக்கமும் இல்லை. நின்ற இடத்திலிருந்து எம்பும் நாய் அந்த உச்சியில் 1/500-லேயே சிக்கும். ஓடி வந்து தாவுகிற நாய்க்கு இந்தச் சலுகை பாதிதான், முன்னோக்கிப் போகும் வேகம் உச்சியிலும் அப்படியே இருக்கும்.

பாய்ச்சலில் எந்தக் கணத்தைப் பிடிப்பது என்பது தனிச் சுவை. 1878-ல் எட்வர்ட் மைபிரிட்ஜ் என்ற புகைப்படக்காரர் கலிஃபோர்னியாவின் பாலோ ஆல்டோவில் வரிசையாகக் கேமராக்களை வைத்து, ஓடும் குதிரையின் நான்கு கால்களும் ஒரு கணம் தரையை விடுகின்றன என்று காட்டினார். குதிரையில் அது கால்களை வயிற்றுக்குக் கீழே சுருட்டியிருக்கும் கணம். கிரேஹவுண்டு மாதிரி ஓட்ட நாய்களிடம் அப்படி இரண்டு உண்டு: சுருட்டிய நிலையில் ஒன்று, முன்னும் பின்னும் அம்பு போல நீட்டிய நிலையில் ஒன்று. நொடிக்கு மூன்று தாவல்களுக்கு மேல் போகும் நாயை நொடிக்கு 10 படம் எடுக்கும் கேமராவில் தொடர்ச்சியாக எடுத்தால், ஒரு தாவலுக்கு மூன்று படம்தான் தேறும். நீட்டிய கணம் இடையில் நழுவினாலும் நழுவும். இரண்டு மூன்று முறை ஓடவிட்டால்தான் கிடைக்கும். நாய்க்கு அதில் வருத்தம் ஒன்றும் இருக்காது.

வெளிச்சத்துக்கு யார் விலை கொடுப்பது

ஷட்டர் நேரத்தைப் பாதியாக்கினால் சென்சாருக்கு வரும் வெளிச்சமும் பாதியாகும். 1/125-லிருந்து 1/2000-க்குப் போவது நான்கு முறை பாதியாக்குவது. பதினாறில் ஒரு பங்கு வெளிச்சம்தான் மிஞ்சும். அந்தக் குறையை இரண்டு இடத்திலிருந்து ஈடுகட்டலாம். லென்ஸின் துளையைப் பெரிதாக்கலாம், அதாவது எஃப் 4, எஃப் 16 என்று எழுதும் அப்பர்ச்சர் எண்ணைக் குறைக்கலாம். அல்லது கிடைத்த வெளிச்சத்தை எவ்வளவு பெருக்கிக் காட்டுவது என்று சொல்லும் எண்ணான ஐஎஸ்ஓவை உயர்த்தலாம்.

பட்டப்பகல் வெயிலில் கவலையே இல்லை. எஃப் 16-ல் ஷட்டர் ஐஎஸ்ஓவுக்குச் சமம் என்று ஃபிலிம் காலத்திலிருந்து ஒரு விதி உண்டு. ஐஎஸ்ஓ 100 என்றால் 1/100. அங்கிருந்து எஃப் 4 வரை துளையைத் திறந்தால் அதே ஐஎஸ்ஓ 100-ல் 1/1600 கிடைத்துவிடும். மர நிழலுக்கு வந்தால் மூன்று ஸ்டாப் அளவுக்கு, அதாவது மூன்று முறை பாதியாகி, வெளிச்சம் குறையும். அதே எஃப் 4-ல் 1/1600 வேண்டுமானால் ஐஎஸ்ஓ 800. இதுவரை சுகம். இரவில் வீட்டுக்குள் சாதாரண விளக்கு வெளிச்சத்தில் எஃப் 2.8, ஐஎஸ்ஓ 3200 வைத்தும் 1/250-ஐத் தாண்டுவது கடினம். கேமராவோடு வரும் சாதாரண ஜூம் லென்ஸில் எஃப் 5.6 தான் கிடைக்கிறது என்றால் 1/60. அந்த அறையில் ஓடும் நாயை உறைய வைக்க நினைப்பது வீண்; உட்காரும்வரை காத்திருங்கள், அல்லது ஜன்னலுக்குப் பக்கத்தில் பகலில் எடுங்கள்.

ஐஎஸ்ஓவை உயர்த்தினால் படத்தில் மணல் தூவின மாதிரி நாய்ஸ் வரும். புதிதாக எடுப்பவர்கள் இதற்குப் பயந்துகொண்டு ஐஎஸ்ஓவை 400-ஐத் தாண்ட விடுவதில்லை, ஷட்டரைக் குறைத்துவிடுகிறார்கள். என் கட்சி இதற்கு நேர் எதிர். நாய்ஸைப் பிறகு மென்பொருளில் குறைத்துக்கொள்ளலாம். நாயின் உரோமத்தில் பாதி மறைந்தும்விடும். 8 சென்டிமீட்டர் இழுபட்ட முகத்தைத் திரும்பக் கொண்டுவர வழி கிடையாது.

ஆகவே நான் பரிந்துரைக்கும் அமைப்பு இது: கேமராவை மேனுவலில் போடுங்கள், ஷட்டரையும் அப்பர்ச்சரையும் நீங்கள் வையுங்கள், ஐஎஸ்ஓவை மட்டும் ஆட்டோவில் விடுங்கள். நாய் வெயிலிலிருந்து நிழலுக்கு ஓடினாலும் ஷட்டர் அசையாது, ஐஎஸ்ஓ ஏறி இறங்கிச் சமாளித்துக்கொள்ளும். மேனுவல் என்றால் பயமாக இருக்கிறது என்பவர்கள், ஷட்டரை மட்டும் நாம் வைத்து மற்றதைக் கேமராவிடம் விடும் ஷட்டர் பிரயாரிட்டியில் தொடங்கலாம். டயலில் நிக்கான், சோனி கேமராக்களில் 'எஸ்' என்றும் கேனனில் 'டிவி' என்றும் இருக்கும். தொலைக்காட்சிக்கும் அதற்கும் சம்பந்தமில்லை, 'டைம் வேல்யூ' என்பதன் சுருக்கம்.

இங்கே கறுப்பு நாய் வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. கேமரா தன் முன்னால் இருப்பது எதுவானாலும் அது சராசரியாகச் சாம்பல் நிறம் என்று நம்பிக்கொண்டு வெளிச்சத்தை அளக்கிறது. டைகர் ஃபிரேமை நிறைத்ததும் "ஐயோ, இருட்டாக இருக்கிறது" என்று முடிவு கட்டி, ஆட்டோவில் இருந்தால் ஷட்டரை இன்னும் மெதுவாக்கிவிடும். அதாவது அந்த நாற்பது படம் கெட்டதில் டைகரின் நிறத்துக்கும் ஒரு பங்கு உண்டு. ஷட்டரை நீங்களே வைத்துவிட்டால் அந்த ஆபத்து நீங்கும். ஐஎஸ்ஓ மட்டும் தேவைக்கு மேல் ஏறும். படத்தின் வெளிச்சத்தைக் கூட்டவோ குறைக்கவோ கேமராவுக்குச் சொல்லும் எக்ஸ்போஷர் காம்பன்சேஷனை ஒன்றுவரை குறைத்தால் அதுவும் சரியாகும், கறுப்பும் கறுப்பாகவே இருக்கும். வெள்ளை நாய்க்கு நேர்மாறாகக் கொஞ்சம் கூட்ட வேண்டும்.

கலங்கல் ஒன்றல்ல, மூன்று

படம் கூர்மையாக இல்லை என்றதும் எல்லாரும் ஷட்டரைத்தான் முதலில் பிடிப்பார்கள். அது குற்றவாளியாக இல்லாமலும் இருக்கலாம். படத்தை நூறு சதவீதத்துக்குப் பெரிதாக்கி, நாயின் முகத்தருகே மீசை முடிகளைப் பாருங்கள். மெல்லிய வெளிர் கோடுகள் என்பதால் அவை பொய் சொல்லாது. முடி ஒவ்வொன்றும் ஒரே திசையில் பட்டையாக இழுபட்டிருந்து, சுற்றியுள்ள புல் தெளிவாக இருந்தால் அது நாயின் அசைவு. ஷட்டரை வேகமாக்க வேண்டும். நாயும் புல்லும் பின்னால் இருக்கும் சுவரும் எல்லாமே ஒரே திசையில் இழுபட்டிருந்தால் கை ஆடியிருக்கிறது. முடி எந்தத் திசையிலும் இழுபடாமல் எல்லாப் பக்கமும் சமமாக மெத்தென்று இருந்து, நாய்க்குக் கொஞ்சம் முன்னாலோ பின்னாலோ ஒரு பட்டையாகப் புல் மட்டும் கூர்மையாக இருந்தால் ஃபோக்கஸ் தவறிவிட்டது. அப்போது 1/8000 வைத்தாலும் பலனில்லை.

நேராக ஓடி வரும் நாயில் மூன்றாவதுதான் அதிகம் நடக்கும். ஃபுல் ஃபிரேம் கேமராவில், அதாவது பழைய ஃபிலிம் அளவுக்குச் சென்சார் உள்ள கேமராவில், 200 மில்லிமீட்டர் லென்ஸ், எஃப் 2.8, நாய் 5 மீட்டர் தூரத்தில். அப்போது கூர்மையாகத் தெரியும் ஆழம் மொத்தமே 10 சென்டிமீட்டர் அளவுதான். மூக்குக்கும் கண்ணுக்கும் இடையே அவ்வளவு தூரம் பல நாய்களுக்கு உண்டு. நொடிக்கு 10 மீட்டரில் வரும் நாய் அந்த 10 சென்டிமீட்டரை நொடியில் நூறில் ஒரு பங்கில் கடந்துவிடும். தொடர் ஃபோக்கஸை, அதாவது ஏஎஃப்-சி அல்லது கேனனின் சர்வோவை, போட்டுக்கொள்ளுங்கள். விலங்குக் கண்ணைக் கண்டுபிடிக்கும் வசதி இருந்தால் அதையும். வெயில் இருக்கும்போது எஃப் 4, எஃப் 5.6 என்று துளையைக் கொஞ்சம் சுருக்கினால் தப்புக்கு இடம் கிடைக்கும்.

லென்ஸில் ஸ்டெபிலைசேஷன் இருக்கிறதே என்று கேட்பவர்கள் உண்டு. அது உங்கள் கை ஆடுவதைச் சமாளிக்கும். நாயிடம் அதற்கு எந்தச் செல்வாக்கும் கிடையாது.

திரை அசையாமல் சென்சாரே வேலையை முடிக்கும், சத்தமில்லாத எலக்ட்ரானிக் ஷட்டரிலும் ஒரு பொறி உண்டு. பல கேமராக்களில் அது படத்தை மேலிருந்து கீழாக வரிவரியாகப் படிக்கிறது. ஒவ்வொரு வரியும் 1/4000-தான். ஆனால் முதல் வரிக்கும் கடைசி வரிக்கும் இடையே 1/50 நொடி ஓடியிருக்கலாம், அதற்குள் நாய் 20 சென்டிமீட்டர் போய்விட்டது. படம் கலங்காது, ஆனால் கால்கள் சாய்ந்து, உடம்பு கோணலாக வரும். நிக்கான் இசட்9 மாதிரி மிக வேகமாகப் படிக்கும் கேமராக்களில் இது கண்ணுக்குத் தெரியாது. 2023-ல் சோனி அறிவித்த ஏ9 மூன்றாம் பதிப்பு எல்லா வரிகளையும் ஒரே நேரத்தில் படிப்பதால் அதில் இந்தப் பேச்சே இல்லை. மற்றபடி, உங்கள் கேமராவில் மெக்கானிக்கல் ஷட்டர் இருந்தால் ஓடும் நாய்க்கு அதையே வையுங்கள்.

ஃபோனில் எடுப்பவர்கள் பலருக்கு ஷட்டர் எண் எங்கே இருக்கிறது என்றே தெரியாது. ஃபோன் கேமராவின் அப்பர்ச்சர் பெரும்பாலும் மாறாதது. நல்ல வெயிலில் அது தானாகவே வேகமான ஷட்டருக்குப் போய்விடும், அதனால் வெளியே எடுத்தால் பாதிப் பிரச்சினை தீர்ந்தது. புரோ மோடு இருந்தால் அதில் 'எஸ்' என்ற இடத்தில் 1/1000 வைக்கலாம். நைட் மோடும் நாயும் சேரவே சேராது. பல படங்களை அடுக்கி ஒன்றாக்கும் வேலை அது. நாய்க்கு இரண்டு வால் முளைக்கும்.

வேண்டுமென்றே மெதுவாக

இத்தனை நேரம் உறைய வைப்பதைப் பற்றியே பேசிவிட்டேன். ஜியாகோமோ பாலா என்ற இத்தாலிய ஓவியர் 1912-ல் சங்கிலியில் கட்டிய டாக்ஸ்ஹண்டு நாய் ஒன்றை வரைந்தார். அதன் குட்டைக் கால்களும் வாலும் பலவாக விசிறி போல விரிந்து தெரியும், நடத்திக்கொண்டு போகிறவரின் கால்களும் அப்படியே. மெதுவான ஷட்டரில் கிடைப்பது கிட்டத்தட்ட அதுதான், ஓவியர் அதைத் தூரிகையால் செய்தார்.

கேமராவில் இதற்குப் பானிங் என்று பெயர். ஷட்டரை 1/60-க்குக் குறைத்துவிட்டு, குறுக்கே ஓடும் நாயோடு கேமராவைச் சேர்த்துத் திருப்பிக்கொண்டே எடுப்பது. நாய் ஓரளவு தெளிவாகவும் பின்னணி கோடுகோடாகவும் வரும். கையைத் திருப்பாதீர்கள், பாதத்தை நாய் கடந்து போகும் இடம் பார்த்து ஊன்றிக்கொண்டு இடுப்பிலிருந்து திரும்புங்கள். கிளிக் செய்தவுடன் நிறுத்தினால் படம் கெடும், நாய் போன பிறகும் சற்று நேரம் திரும்பிக்கொண்டே இருக்க வேண்டும். முதலில் 1/125-ல் பழகிவிட்டு 1/60, 1/30 என்று இறங்கலாம். வெயிலில் 1/60 வைத்தால் வெளிச்சம் வழியும், ஆகவே ஐஎஸ்ஓ 100, எஃப் 22 என்று மூடிக்கொள்ள வேண்டியிருக்கும். சாயங்காலம் இதற்கு நல்ல நேரம்.

பல விளக்கங்களில் சொல்லாமல் விடும் ஒன்று: பானிங்குக்கு நாலுகால் பாய்ச்சலைவிட ஓட்டமும் நடையுமாக வரும் நாய் நல்லது. பாய்ச்சலில் முதுகு வில் மாதிரி வளைந்து நிமிரும், தலை மேலும் கீழும் போகும். நீங்கள் பக்கவாட்டில் எவ்வளவு சீராகத் திரும்பினாலும் அந்த ஏற்ற இறக்கத்தைப் பின்தொடர முடியாது. துள்ளு நடையில் எதிரெதிர் மூலைக் கால்கள் ஜோடியாக எழுந்து விழும், முதுகு கிட்டத்தட்ட மட்டமாகவே போகும். முகம் தெளிந்து கால்கள் மட்டும் விசிறியாக வருவது அதில்தான். அப்படியும் இருபது எடுத்தால் ஒன்று தேறும், அந்த ஒன்றுக்காகத்தான் எடுப்பது.

பழகிப் பார்க்க ஓடவிடவும் இடம் இல்லை என்றால் நாயைக் குளிப்பாட்டுங்கள். நனைந்த நாய் உதறுவதை 2012-ல் வெளியான ஓர் ஆய்வு அளந்து பார்த்தது. லேப்ரடார் மாதிரிப் பெரிய நாய் நொடிக்கு 4, 5 முறை உடம்பை முறுக்குகிறது. உடம்பு சிறுக்கச் சிறுக்க உதறல் வேகமாகும், சுண்டெலி நொடிக்கு 30 முறை அளவுக்குப் போகிறது. உதறல் தலையில் தொடங்கி வாலில் முடியும். ஒரு குளியலில் மூன்று நான்கு முறையாவது உதறும் என்பதால், ஒரே நாய், ஒரே வெளிச்சத்தில் மூன்று எண்களை ஒப்பிட்டுப் பார்க்கலாம். 1/3200-ல் ஒவ்வொரு துளியும் கண்ணாடி மணியாக அந்தரத்தில் நிற்கும், கன்னம் எங்கோ காது எங்கோ என்று நாய் சிரிப்பாகத் தெரியும். 1/500-ல் துளிகள் சிறு கோடுகளாகும். 1/60-ல் நாயின் தலை ஒரு சுழல், அதைச் சுற்றித் தண்ணீர் வளையங்கள். வெயில் நாய்க்குப் பின்னால் இருக்கும்படி நில்லுங்கள், துளிகள் மின்னும். லென்ஸைத் துடைக்க உலர்ந்த துணி ஒன்று இடுப்பில் இருக்கட்டும். முதல் உதறலிலேயே அது தேவைப்படும்.